எல்லா நோய்க்கும் 777 மாத்திரையா?

மக்களே, கொஞ்சம் காரம் தூக்கலான பதிவு இது. யாரையும் தனிப்பட்ட முறையில் சொல்லவில்லை, உள்குத்து வெளிக்குத்து எதுவும் கிடையாது. படிச்சதும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் மட்டும் நான் பொறுப்பில்லை :-)

விஷயம் இதுதான். ஒரு பையனோ பொண்ணோ நாலு மாசம் முட்டி மோதி பைத்தானோ பிஎச்பியோ ஜாவாவோ கத்துக்கிட்டு, சொந்தமா ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதுறாங்க. அவங்க லேப்டாப்பில் அது ஜம்முன்னு ஓடுது. மாசம் சில நூறு ரூபாய் கொடுத்து ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் கொண்டு போய் ஏத்துறாங்க. பிரவுசரில் முகவரியைத் தட்டினால், வெள்ளைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 502. பாவம், வாழ்க்கையில் முதல் தடவை. பதறிப்போய், விவரம் தெரிஞ்சவங்கன்னு நம்புற நம்ம மாதிரி ஆளுங்ககிட்ட வர்றாங்க. நாம என்ன சொல்றோம்?

"சிஎச்மாட் 777 கொடு, சரியாயிடும்."
"சூடோ போட்டு ரூட்டா ஓட்டு."
"ஃபயர்வாலை ஆஃப் பண்ணித் தொலை."
"எஸ்ஈலினக்ஸா? அதை முதல்ல நிறுத்து."
"டீபக்கை ஆன்லயே விட்டுடு."
"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

இந்த ஆறையும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. இதில் ஒண்ணாவது கேள்வியா? எல்லாமே பதில். வயித்து வலின்னு வந்தவனை எங்கே வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்காம, எடுத்த எடுப்பில் ஊசியை ஏத்துற டாக்டரை நாம என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவோம்? அந்தப் பேருக்குத்தான் நாமளும் லாயக்கு.

என் கட்சி இதுதான்: இது உதவியே இல்லை. அந்தப் பையன் அன்னிக்குக் கத்துக்க வேண்டிய ஒரே பாடத்தை அவன்கிட்டேயிருந்து பிடுங்கிக்கிறோம். போதாக்குறைக்கு அவன் வீட்டுக் கதவையும் பெயர்த்து வெளியே வெச்சுட்டு வர்றோம்.

502 என்கிறது நோய் இல்லை, காய்ச்சல்

சும்மா சவடால் விடுறேன்னு நினைக்காதீங்க, உதாரணத்தோடவே சொல்றேன். வழக்கமான அமைப்பையே எடுத்துக்குவோம். முன்னாடி என்ஜின்எக்ஸ், பின்னாடி கன்னிகார்ன், அதுக்குள்ளே ஃப்ளாஸ்க்கோ ஜாங்கோவோ. வாசலில் நிக்கிற என்ஜின்எக்ஸ் வர்றவங்களை வரவேற்று, உள்ளே இருக்கிற அப்ளிகேஷனைக் கேட்டு பதில் வாங்கித் தருது. உள்ளேயிருந்து உருப்படியான பதில் வரலைன்னா அது சொல்றதுதான் 502. அதாவது, "நான் நல்லாத்தான் இருக்கேன், உள்ளே இருக்கிறவரைத்தான் பிடிக்க முடியலை."

ஏன் பிடிக்க முடியலைங்கிறதை அது வர்றவங்ககிட்ட சொல்லாது. சொல்லவும் கூடாது. ஆனா தன்னோட எரர் லாக்கில் ஒரு வரி எழுதி வெச்சிருக்கும். அந்த வரியில் ஒரு எண் இருக்கும். அடிக்கடி வர்றது மூணு.

111-ன்னு இருந்தா, கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு. அந்தக் கதவு எண்ணில் யாருமே இல்லை. அப்ளிகேஷன் கிளம்பவே இல்லை, இல்லைன்னா வேற போர்ட்டில் உக்காந்திருக்கு. ஃப்ளாஸ்க் பாடங்களில் 5000-ன்னு பாத்துப் பழகி என்ஜின்எக்ஸில் 5000-ன்னு எழுதியிருப்பான். கன்னிகார்ன் தானா எடுத்துக்கிறது 8000. அவ்வளவுதான் கதை.

2-ன்னு இருந்தா, அப்படி ஒரு ஃபைலே இல்லை. சாக்கெட் ஃபைலோட பாதையைத் தப்பா எழுதியிருக்கான், அல்லது அது உருவாகவே இல்லை.

13-ன்னு இருந்தா, பர்மிஷன் டினைட். ஆள் இருக்கார், போக அனுமதி இல்லை. ரெட்ஹாட் குடும்பத்து லினக்ஸாக இருந்தால் எஸ்ஈலினக்ஸ் தடுத்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. வெப் சர்வர் இன்னொரு போர்ட்டோட பேசலாம்னு அனுமதி கொடுக்க அதில் தனியா ஒரு சுவிட்சே இருக்கு. ஒரே ஒரு கட்டளை. அதுக்காக மொத்த எஸ்ஈலினக்ஸையும் நிறுத்துறது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை.

பாருங்க, வெளியே தெரியுறது ஒரே 502. உள்ளே மூணு வேற வேற நோய். இதில் முதல் ரெண்டுக்கும் 777-க்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது. மூணாவதில், தடுக்கிறது எஸ்ஈலினக்ஸாக இருந்தால், 777 என்ன 7777 கொடுத்தாலும் அது அசையாது. ஒரு வரி படிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சிருக்கும்.

லேப்டாப் கத்தும், சர்வர் முணுமுணுக்கும்

"எழுதத் தெரிஞ்சவனுக்கு ஏத்தத் தெரியாதா? இது கூடத் தெரியாம என்ன புரோகிராமர்?" அப்படின்னு ஒரு கோஷ்டி எகத்தாளம் பேசும். ஐயா சாமிகளா, அது வேற பாடம், இது வேற பாடம். இதை அவனுக்கு யாரும் நடத்தவே இல்லை. பெரும்பாலான டுட்டோரியல்கள் 127.0.0.1-ல் "ஹலோ வேர்ல்டு" வந்த உடனே மங்களம் பாடிடும். அதுக்கு அப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது.

லேப்டாப்பில் எழுதுறவனும் அவன்தான், ஓட்டுறவனும் அவன்தான், எல்லா ஃபைலுக்கும் சொந்தக்காரனும் அவன்தான். சர்வரில் அப்படி இல்லை. ஃபைல் ஒருத்தர் பேரில் இருக்கும், வெப் சர்வர் இன்னொருத்தர் பேரில் ஓடும். விண்டோஸில் ஃபைல் பேரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் வழக்கமா பாக்காது, லினக்ஸ் கறாரா பாக்கும். லோகோ படம் லேப்டாப்பில் தெரியுது, சர்வரில் 404 வருதுன்னா பாதி நேரம் இதுதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அவன் டெர்மினலோட துவக்க ஃபைலில் எழுதி வெச்சிருப்பான். கையால ஓட்டினா வேலை செய்யும். சிஸ்டம்டி மூலமா சர்வீஸா ஓட்டினா அந்த ஃபைலை அது எட்டிக்கூடப் பாக்காது. ஜாங்கோவில் டீபக்கை நிறுத்தின உடனே சிஎஸ்எஸ் எல்லாம் காணாமப் போய் பக்கம் அம்மணமா நிக்கும். ஏன்னா அதுவரைக்கும் அந்த ஃபைல்களை எடுத்துக் கொடுத்துக்கிட்டிருந்தது சோதனை சர்வர். நிஜ சர்வரில் அதை என்ஜின்எக்ஸ் மாதிரி வேற யாராவதுதான் செய்யணும்.

ஜாவா பக்கம் இன்னும் கொடுமை. பழைய புத்தகத்தைப் பாத்து சர்வ்லெட் எழுதி டாம்கேட் 10-ல் போட்டா 404 வரும். காரணம், 2020 கடைசியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் அந்தப் பேக்கேஜ்களோட பேரே ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தான்னு மாறிப்போச்சு. டாம்கேட் 10-லிருந்து புதுப் பேரைத்தான் அதுக்குத் தெரியும், பழைய பேரில் எழுதின சர்வ்லெட்டைக் கண்டுக்கவே கண்டுக்காது. பையன் மேல என்ன தப்பு இதில்?

எல்லாத்தையும் விட முக்கியமான வித்தியாசம் ஒண்ணு இருக்கு. லேப்டாப்பில் பிழை வந்தா டெர்மினலில் அவன் முகத்துக்கு நேரா கத்தும். சர்வரில் அதே பிழை, அதே வார்த்தைகளில், வேற ஒரு மூலையில் லாக்கில் முணுமுணுக்கும். புதுசா வந்தவனுக்கு அந்த மூலை எங்கே இருக்குன்னு தெரியாது. நாம காட்ட வேண்டியது அந்த மூலையை மட்டும்தான்! அதைக் காட்டாம சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்தா எப்படி?

777 போட்டா என்ன ஆகும்?

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா: படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. கூட்டினா 7. சொந்தக்காரருக்கு ஒரு 7, குழுவுக்கு ஒரு 7, ஊர் உலகத்துக்கு ஒரு 7. அந்த மெஷினில் ஓடுற எந்தப் புரோகிராமும், அதில் புகுந்துட்ட எந்தத் திருட்டுப் புரோகிராமும், உங்க கோடை மாத்தி எழுதலாம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறதுதான் 777.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், கடைசி வருஷ இன்ஜினியரிங். உபுண்டு சர்வர். ஹோம் ஃபோல்டருக்குள்ளே ப்ராஜெக்ட்டை வெச்சிருந்தான். படம், சிஎஸ்எஸ் எதைக் கேட்டாலும் 403. பொட்டி தட்டுற சீனியர் ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கான். அவர் ஆணி பிடுங்குற அவசரத்தில் "777 போடுடா தம்பி"ன்னுட்டார். போட்டான், சரியாகலை. ஆகாது! உபுண்டு 21.04-லிருந்து புதுசா உருவாக்குற ஹோம் ஃபோல்டருக்குத் தானா கிடைக்கிற அனுமதி 750. உள்ளே இருக்கிற அறையை நீங்க எவ்வளவு திறந்து போட்டாலும், வாசல் கதவே பூட்டியிருந்தா வெளியாள் எப்படி உள்ளே வருவான்? "அண்ணா, இன்னும் அதேதான் வருதுண்ணா"ன்னு மறுபடியும் கேட்டிருக்கான். "அப்ப ஹோம் ஃபோல்டருக்கே மொத்தமா போட்டுடு." போட்டான். சைட்டும் வந்துடுச்சு. சந்தோஷமா லாக்அவுட் பண்ணிட்டான்.

திரும்ப லாகின் பண்ணப் போனா, எஸ்எஸ்எச் உள்ளே விடலை. ஹோம் ஃபோல்டரில் யார் வேணா எழுதலாம்னு இருந்தா, அதுக்குள்ளே இருக்கிற சாவி ஃபைலை எஸ்எஸ்எச் சர்வர் நம்பாது. அதோட இயல்பான அமைப்பே அதுதான். யார் வேணா எழுதக்கூடிய இடத்தில் இருக்கிற சாவியை எவன் வெச்சான்னு யாருக்குத் தெரியும்? பாஸ்வேர்டு லாகினும் கிடையாது. மறுநாள் காலையில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி ஒரு மணிக்கு என்னைக் கூப்பிட்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கு: "எனக்கு இந்த ஃபீல்டே ஒத்து வராதுண்ணா."

சர்வர் கம்பெனியோட வெப் கன்சோல் வழியா உள்ளே போய், அனுமதிகளைப் பழையபடி மாத்தி, ப்ராஜெக்ட்டை ஹோமிலிருந்து வெளியே எடுத்து, வெப் சர்வர் படிக்க மட்டும் வழி பண்ணிக் கொடுத்தோம். அரை மணி நேர வேலை. சர்வர் எழுந்துடுச்சு. ஆனா அந்த வாக்கியம்? ஒழுங்காப் படிக்கிற ஒரு பையன், தன் கோடில் ஒரு தப்பும் இல்லாத ஒரு பையன், தான் முட்டாள்ங்கிற முடிவுக்கு வந்துட்டான். நம்ம அரைகுறை வைத்தியத்தோட நிஜமான விலை அதுதான்.

எஸ்எஸ்எச் மட்டுமில்லை. யார் வேணா எழுதலாம்னு இருக்கிற கான்ஃபிக் ஃபைலை மைஎஸ்க்யூஎல் கண்டுக்காமத் தள்ளிடும். சூடோவோட விதி ஃபைலுக்கு 777 போட்டா சூடோ வேலை செய்யவே மறுத்துடும். எழுதினவங்க இதுக்கு எவ்வளவு பயந்திருந்தா மென்பொருளுக்கு உள்ளேயே இப்படி ஒரு பூட்டு வெச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

"சின்னப் பையன் சைட்டை எவன் ஹேக் பண்ணப் போறான்?"

இதான் எதிர்க்கட்சியோட முதல் வாதம். திருடன் ஆள் பாத்து வர்றதில்லைங்க. இணையத்தில் திறந்திருக்கிற கதவுகளை மெஷின்தான் தேடுது, அதுக்கு உங்க வயசும் தெரியாது, சைட்டோட அருமையும் தெரியாது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு இல்லாம இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் பல்லாயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன. உள்ளே இருந்ததை அழிச்சுட்டு, "பிட்காயின் கொடு, திருப்பித் தர்றேன்"னு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போனாங்க. அதே வருஷக் கடைசியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து மாங்கோடிபி சொந்த மெஷினுக்கு மட்டுமே காது கொடுக்கிற மாதிரி மாத்தினாங்க. இப்ப "ஃபயர்வாலை ஆஃப் பண்ணு, எல்லா முகவரியிலும் கேக்கச் சொல்லு"ன்னு அறிவுரை சொல்றவங்க, அந்த மாத்தத்தை ஒரே வரியில் தலைகீழாக்குறாங்க.

"டீபக்கை ஆன்லயே விடு" கோஷ்டிக்கு பேட்ரியான் கதை. 2015 செப்டம்பர் 28 அன்னிக்கு அந்தத் தளத்துக்குள்ளே புகுந்தாங்க. எப்படி? தளத்தோட டீபக் பதிப்பு ஒண்ணு பொதுவில் தெரியுற மாதிரி இருந்ததுன்னு அந்த நிறுவனமே சொன்னது. சுமார் 23 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போச்சு. ஃப்ளாஸ்க்கோட டீபக் பக்கத்தில் இருக்கிறது வெறும் பிழைச்செய்தி இல்லை. அங்கேயே பைத்தான் கட்டளை எழுதி ஓட்டுற வசதியும் சேந்தே இருக்கு. அதைப் பொதுவில் விடுறது, பீரோ சாவியைத் திண்ணையில் தொங்க விடுற மாதிரி.

"முதல்ல வேலை செய்யட்டும், அப்புறம் சொல்லித் தரலாம்"

ரெண்டாவது வாதம். கேக்க நியாயமாத்தான் இருக்கு. முதல் தடவை பக்கம் தெரியும்போது வர்ற சந்தோஷத்தை நானும் குறைச்சு மதிப்பிடலை. ஆனா அந்த "அப்புறம்" எப்ப வரும்? வேலை செய்யுற சர்வரை எவன் மறுபடியும் தொடுவான்? அதுவுமில்லாம, ஆறு மாத்திரையையும் ஒண்ணா முழுங்கினவனுக்கு எது குணமாக்கிச்சுன்னே தெரியாது. அடுத்த தடவையும் ஆறையும் முழுங்குவான். அவனுக்கு ஒரு ஜூனியர் வருவான், அவனுக்கும் ஆறையும் கொடுப்பான். இப்படித்தானே நமக்கும் வந்து சேந்தது இந்த மருந்துச் சீட்டு?

மூணாவது வாதம் இந்தக் காலத்து வாதம். "இப்பல்லாம் ஏஐகிட்ட கேட்டா சொல்லிடும், லாக்காவது மண்ணாங்கட்டியாவது." சரி, அதுகிட்ட என்னன்னு கேப்பீங்க? "502 வருது"ன்னு கேட்டா அதுவும் பத்து யூகத்தை வரிசையா அடுக்கும். லாக்கில் இருக்கிற அந்த ஒரு வரியை எடுத்துக் கொடுத்தா நேரா விஷயத்துக்கு வரும். ஆக, கேக்கிறது மனுஷனையோ மெஷினையோ, முதல் படி மாறலை.

அப்ப என்னதான் சொல்லணும்?

பதில் சொல்லாதீங்க. கேள்வி கேளுங்க. நான் கேக்கிற வரிசை இது:

1. பிரவுசர் சரியா என்ன சொல்லுது? ரொம்ப நேரம் சுத்திட்டு டைம்அவுட் ஆச்சுன்னா பெரும்பாலும் நடுவில் ஃபயர்வால். அதுவும் கிளவுட் சர்வர்னா, மெஷினுக்கு வெளியே கம்பெனியோட தளத்தில் இன்னொரு ஃபயர்வால் இருக்கும். உள்ளே இருக்கிறதோட மல்லுக்கட்டிப் பிரயோஜனமில்லை. அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறந்தா போதும். உடனே "ரெஃப்யூஸ்டு"ன்னு வந்தா பெரும்பாலும் மெஷின் வரைக்கும் போயாச்சு, அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை. அல்லது அப்ளிகேஷன் 127.0.0.1-ல் மட்டும், அதாவது தனக்குத்தானே பேசிக்கிட்டு உக்காந்திருக்கு. 502, 500, 400-ன்னு ஏதாவது எண் வந்தா, சந்தோஷப்படுங்க. ஒரு வெப் சர்வர் பதில் சொல்லுது!

2. சர்வருக்கு உள்ளேயிருந்து கர்ல் போட்டுக் கேட்டா அப்ளிகேஷன் பதில் சொல்லுதா? சொன்னா தப்பு வெளிப்பக்கம். சொல்லலைன்னா உள்பக்கம். பாதித் தூரம் ஒரே கட்டளையில் குறைஞ்சு போச்சு.

3. என்ஜின்எக்ஸ் எரர் லாக்கில் கடைசி வரி என்ன? சர்வீஸோட ஜர்னலில் கடைசி இருபது வரி என்ன? பைத்தான்னா கீழேயிருந்து படி. கடைசி வரியில்தான் விஷயமே இருக்கும்.

4. கடைசியா எதை மாத்தினே? ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்து. பலன் இல்லைன்னா அதைப் பழையபடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போ.

5. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கைத் தொட்டியா? அதை ஓட்டுறதுக்கு முன்னாடியே சோதிக்க ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டுப் பாத்துட்டு ரீலோட் பண்ணு. கான்ஃபிக்கில் தப்பு இருந்தா ரீலோட் பழையதையே தொடர்ந்து ஓட்டும். ரீஸ்டார்ட் பண்ணினா உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணாதான்.

அவ்வளவுதான். இந்த அஞ்சையும் கேக்க உங்களுக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும்னு வெச்சுக்குங்க. ஒத்துக்கிறேன், 777-ன்னு டைப் அடிக்க ரெண்டு செகண்டு போதும். நேரம் இல்லைன்னா தாராளமா "நேரம் இல்லை தம்பி, முதல்ல லாக்கைப் படி"ன்னு சொல்லிட்டு நகந்துடுங்க. அது கூடப் பெரிய உதவிதான். தப்பான மருந்தைக் கொடுக்கிறதுக்கு, ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுறது எவ்வளவோ மேல்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தானா லாக்கைப் படிச்சுத் தானா கண்டுபிடிச்சவன் அதுக்கப்புறம் சர்வரைப் பாத்துப் பயப்பட மாட்டான். 777 வாங்கிட்டுப் போனவன் நாளைக்கும் நம்ம வாசலில்தான் நிப்பான். சில பேருக்கு அதுதான் வேணுமோ என்னமோ, நான் சொல்லலைப்பா :-)

டிஸ்கி: "எங்க ஆபீஸ்ல பத்து வருஷமா 777-லதான் ஓடுது, ஒண்ணும் ஆகலையே"ன்னு சொல்ல வர்ற அன்பர்களுக்கு... ஒண்ணும் ஆகலைன்னு எப்படிங்க தெரியும்? லாக்கைப் பாத்தீங்களா?